விளையாட்டு என்றால் எடுத்துக்கொள்

அனுப்ரியா குளித்துவிட்டு வருவதற்குள் அது பூசையில் போய்ச் சேர்ந்துவிட்டது.

சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கியிருந்த புத்தகங்களின் மேல், வெள்ளைத் துணியின் மேல், கறுப்பாக, புத்தம் புதிதாக வீற்றிருந்தது அவளுடைய விசைப்பலகை. கீழ்வரிசையின் நீண்ட விசையில் மூன்று சந்தனப் பொட்டுகள். ஒவ்வொன்றின் நடுவிலும் குங்குமம். தூவிய அட்சதையில் சில அரிசிமணிகள் எழுத்துகளின் இடுக்கில் இறங்கியிருந்தன.

பிற்பகல் இரண்டு மணிக்கு அந்தப் பலகை அவளுக்கு வேண்டும். இன்று கிடைக்காவிட்டால், பிறகு என்றைக்கும் தேவைப்படாமலே போய்விடக்கூடும்.

அபிராமபுரத்து இந்த வீட்டை முதன்முறையாக எட்டிப் பார்ப்பவர்களுக்கு ஒரு சொல். வீட்டுக்கு உடையவர் கணேசமூர்த்தி, தியாகராய நகரில் துணிக்கடை வைத்திருப்பவர். மூத்த மகன் சுரேஷ்குமார் தந்தையோடு கடையில் அமர்கிறான். அவன் மனைவிதான் அனுப்ரியா. இளையவன் ஸ்ரீஹரி, கணினியில் துப்பாக்கிச் சண்டை விளையாடுவதே இனித் தன் தொழில் என்று அறிவித்து, இருந்த நல்ல வேலையை விட்டுவிட்டான். அன்றிலிருந்து தந்தை அவனோடு பேசுவதில்லை.

அனுப்ரியா வீட்டிலிருந்தபடியே வேலை செய்கிறாள். எங்கோ ஒரு கல்லூரியில் ஆசிரியர் பேசப் பேச, அந்தப் பேச்சைக் காதில் வாங்கி, அதே வேகத்தில் எழுத்தாக்குவாள். காது கேளாத மாணவர்கள் அதைத் திரையில் படித்துப் பாடம் கற்பார்கள். இத்தகைய பணிக்கு இந்த வீடு சூட்டியிருக்கும் பெயர், 'டைப் அடிக்கிறது'. இதுவரை அவளுக்கு அவ்வப்போதுதான் வகுப்பு கிடைத்து வந்தது. இன்று சிங்கப்பூர்க் கல்லூரி ஒன்றின் வகுப்பை அவள் பிழையின்றி எழுதிக் காட்டிவிட்டால், ஆண்டு முழுவதற்குமான நிலையான பணி அவளுக்கு உறுதி. அவள் பெயரைப் பரிந்துரைத்த குழுத்தலைவி ஜுவேரியா, ஒரு முறைக்கு இரு முறை எச்சரித்திருந்தாள்: "தள்ளிப்போட முடியாது அனு. இன்னொரு சான்ஸ் தர மாட்டாங்க."

புதுப் பலகைக்குக் காரணமும் இந்த வீடே. பூசைக்காக வீட்டைச் சுத்தம் செய்த மாமியார் பங்கஜம், மருமகளின் மடிக்கணினியையும் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்துவிட்டார். பாதி எழுத்துகள் அன்றே மாண்டன. கடையிலிருந்து கொண்டுவந்த பழைய பலகையைத் தீபாவளிக் கூட்டத்துக்காகக் கடையே திரும்ப வாங்கிக்கொண்டது. ஸ்ரீஹரியும் தன் ஆட்டத்துக்கு ஒரு புதுப் பலகை கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஒரே வீட்டுக்கு ரெண்டு கீபோர்டு எதுக்கு? ரெண்டு பேருக்கும் ஆகுற மாதிரி ஒண்ணா வாங்குங்க" என்றான் சுரேஷ்குமார். பணம் அனுப்ரியாவின் சம்பளத்திலிருந்து. தீர்ப்பு மட்டும் அவனுடையது.

அப்படித்தான் அண்ணியும் கொழுந்தனும் சென்ற வாரம் கணினிச் சாமான்கள் விற்கும் ரிச்சி தெருவில் காதர் என்பவரின் கடையில் போய் நின்றார்கள்.

காதர் ஒரு சிறு மாதிரிப் பலகையை எடுத்து வைத்தார். மெக்கானிக்கல் பலகையில் ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனித்தனிச் சுவிட்ச் உண்டு. அதன் நிறமே அதன் குணத்தைச் சொல்லும். சிவப்பு, வழுக்கிக்கொண்டு இறங்கும். நீலம், அழுத்தும்போதெல்லாம் 'டக்' என்று அறிவிக்கும். பழுப்பு, சத்தமிடாது, ஆயினும் பாதி வழியில் விரலை ஒரு சிறு மேடு தடுத்து, எழுத்து விழுந்துவிட்டது என்று உணர்த்தும்.

"சிவப்புதான் மதினி. சும்மா தொட்டாலே போதும், எதிரி காலி" என்றான் ஸ்ரீஹரி.

"அதான் எனக்குப் பயம். சும்மா தொட்டதுக்கெல்லாம் எழுத்து விழுந்தா, பாடம் படிக்கிற புள்ளைங்க காலி."

"அப்ப நீலம் எடுங்க. தட்டினா கெத்தா இருக்கும்."

"காதுல வாத்தியார் பேச்சைக் கேட்டுக்கிட்டே அடிக்கணும் தம்பி. இது போடுற கூச்சல்ல அவரு என்ன சொல்றாருன்னு எங்க கேக்குறது?"

"நாலே நாலு கீக்கு மட்டும் சிவப்பு. W, A, S, D. அதுலதான் நான் முன்ன பின்ன நடக்குறது."

"அந்த நாலையும் தொடாம இங்கிலீஷ்ல ஒரு வரி எழுதிக் காட்டு, ஒத்துக்குறேன்."

காதர் சிரித்துவிட்டார். "இன்னா நைனா, அக்கா கரெக்டாதான் பேசிக்கினு கீது. பழுப்பு எடுத்துக்கினு போ, ரெண்டுத்துக்கும் ஆவும். நாளைக்கு மனசு மாறுச்சுன்னா சுவிட்ச்ச மட்டும் புடுங்கி வேற மாட்டிக்கலாம். இடுக்கி, சிவப்பு நாலு, கூடவே தர்றேன்."

அவளும் விட்டுக்கொடுத்தாள். கணினி எலியை வீசி ஆட இடம் வேண்டும் என்றான் ஸ்ரீஹரி. வலப்பக்கத்து எண் விசைகள் இல்லாத சிறிய பலகைக்கு ஒப்புக்கொண்டாள். இப்படிப் பேசித் தேர்ந்து, விரலுக்கு விரல் அழுத்திப் பார்த்து வாங்கிய பொருள்தான், இப்போது பொரிக்கும் சுண்டலுக்கும் நடுவில் அசையாமல் கிடந்தது.

"அத்தை, இதை ஏன் இங்க வச்சீங்க? எனக்கு மத்தியானம் வேலை இருக்குன்னு நேத்தே சொன்னேனே."

பங்கஜம் அடுப்பிலிருந்து திரும்பவில்லை. "உங்க மாமாதான் வைக்கச் சொன்னாங்க. புதுப் பொருள், பூசையில வச்சா நல்லதுதானே. அவுககிட்டயே கேளு."

கணேசமூர்த்தி கூடத்தில் செய்தித்தாளோடு இருந்தார். அனுப்ரியா சொன்னதை முழுதும் கேட்டார், தாளை மடிக்கவில்லை.

"பூசையில வச்சதை நாளைக்கு விஜயதசமிக்குத்தான் எடுக்கணும். இன்னைக்குப் படிக்கக் கூடாது, தொழில் பண்ணக் கூடாது. உங்க வீட்டுல இந்தப் பழக்கம் இல்லையா?"

"இருக்கு மாமா. அதனாலதான் என் புத்தகத்தையெல்லாம் நானே கொண்டுவந்து வச்சேன். இதை மட்டும் வைக்கல. இன்னைக்கு ஒரு நாள் இது எனக்கு வேணும்."

"ஒரு நாள் தொழில் பண்ணலேன்னா என்ன குடியா முழுகிடும்?"

"நம்ம கடை திறந்துதானே மாமா இருக்கு? பில் போட்டுக்கிட்டுத்தானே இருக்காங்க?"

தாள் இப்போது மடிந்தது.

"கடை வேற, வீடு வேற. தீபாவளிக் கூட்டம் வருது. வர்ற லட்சுமியைக் கதவைச் சாத்தி வெளிய நிறுத்தவா சொல்ற?"

தன் கடையில் எந்திரம் ஓடினால் அது லட்சுமி. மருமகளின் அறையில் ஓடினால் அது தெய்வக் குற்றம். இந்த நீதியை எந்தச் சாத்திரத்தில் கண்டார் என்று அவரைக் கேட்பார் இல்லை. அனுப்ரியா கேட்க வாயெடுத்தாள். அதற்குள் மாடியிலிருந்து ஸ்ரீஹரி இறங்கி வந்தான்.

அவனுக்கும் அன்று ஒரு நெருக்கடி. நண்பகலில் போட்டியின் தகுதிச்சுற்று. அதில் வென்றால்தான் அணியில் இடம்.

"அம்மா, கீபோர்டு எங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தவன், பூசையைப் பார்த்ததும் நின்றான்.

பல நாள்களாக அவன் முகத்தைக்கூட ஏறிட்டுப் பாராத தந்தை, இன்று அவனைப் பார்த்தார். ஒரு மகிழ்ச்சி அவர் குரலில் இருந்தது, நல்ல மகிழ்ச்சியன்று.

"ஏல, இங்க வா. உனக்கு அது எதுக்கு?"

"மேட்ச் இருக்குப்பா."

"அது என்ன? தொழிலா, விளையாட்டா?"

ஸ்ரீஹரி பூசையை நோக்கி ஓர் அடி வைத்தான்.

"தொழில்னா தொடக் கூடாது. நாளைக்கு எடுத்துக்கோ. விளையாட்டுன்னா, இப்பவே எடுத்துக்கோ. விளையாடுறதுக்கு இன்னைக்கு ஒரு தடையும் கிடையாது. நீயே சொல்லு."

தொழில் என்ற இந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவன் வேலையை விட்டான். இந்த ஒரு சொல்லுக்காகத்தான் சோற்றுத் தட்டை விலக்கிவிட்டு மாடியில் பட்டினி கிடந்தான். அப்போது, 'அதுவும் ஒரு தொழில்தான் மாமா, அவனுக்குக் கொஞ்சம் காலம் கொடுங்க' என்று கணேசமூர்த்தியிடம் வாதாடி வசவு வாங்கியவள் அனுப்ரியா. அவள் இப்போது அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஸ்ரீஹரி கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"விளையாட்டுதாம்பா."

"சத்தமா."

"விளையாட்டுதான்."

"கேட்டியா பங்கஜம்? உம் மகன் சொல்லிட்டான். எடுத்துட்டுப் போலே."

ஸ்ரீஹரி எடுத்துக்கொண்டு போனான். சந்தனத்தைத் தன் சட்டையிலேயே துடைத்தான்.

அனுப்ரியா அவனைத் தொடர்ந்து மாடியேறினாள். அறைக்குள் அவன் இடுக்கியால் பழுப்புச் சுவிட்சுகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். W, A, S, D இருந்த நான்கு இடங்களும் பல் விழுந்த ஈறுபோல் இருந்தன. மேசைமேல் நான்கு சிவப்புகள் காத்திருந்தன.

"இன்னைக்கு ஒரு மேட்ச்சுக்கு மட்டும் மதினி. முடிஞ்ச உடனே திருப்பி மாட்டிக் கொடுத்துடுறேன். சத்தியமா."

"சுவிட்ச்சை விடு. என்னத்தைச் சொல்லிட்டு வந்த நீ?"

"வேற என்ன சொல்ல முடியும்? கீபோர்டு வேணுமில்ல?"

"எனக்கும்தான் வேணும்."

"நீங்களும் ஏதாச்சும் சொல்லி வாங்கிக்குங்க. அப்பாகிட்ட போயி நியாயமெல்லாம் பேச முடியுமா?"

"நான் பேசினேன் தம்பி. உனக்காகப் பேசினேன். வீட்டுக்கு அடங்காதவள்னு எனக்குப் பட்டம் கட்டினாங்க, அன்னைக்கு நீ மாடியில படுத்துக்கிட்டுக் கேட்டுக்கிட்டுத்தானே இருந்த? தொழில்னு நான் சொன்னேன். இல்லைன்னு நீ சொல்லிட்ட. இனிமே யாரு வந்து உனக்காகப் பேசுவா?"

அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டான். அதில் யாரோ, "மச்சி, ரெடியா?" என்று கேட்டது வெளியே வரை கேட்டது.

ஒரு மணியைத் தாண்டியும் மாடிக்கதவு திறக்கவில்லை. ஜுவேரியா இரு முறை அழைத்தாள், 'எல்லாம் சரியா?' என்று ஒரு செய்தியும் அனுப்பினாள். அனுப்ரியா மடிக்கணினியைத் திறந்து வைத்து, இயர்போனைக் காதில் செருகி, வெறும் மேசையின் முன் உட்கார்ந்திருந்தாள். சினத்தில் அவள் விரல்கள் மரத்திருந்தன.

சுரேஷ்குமார் சாப்பிடுவதற்காகக் கடையிலிருந்து வந்தான். அவன் இலையில் பாயசம் விழுந்த நேரத்தில் ஸ்ரீஹரி இறங்கினான். ஆட்டத்தில் தோற்றுவிட்டான் என்பதை அவன் முகமே சொல்லிற்று. பலகையை நேராக அனுப்ரியாவிடம் நீட்டினான்.

"பழுப்பைத் திருப்பி மாட்டிட்டேன் மதினி."

"அவகிட்ட எதுக்குக் கொடுக்குற?" கணேசமூர்த்தியின் குரல் இலையிலிருந்து எழுந்தது. "விளையாடி முடிச்சாச்சுல்ல? எடுத்த இடத்துல வை."

ஸ்ரீஹரி ஒரு கணம் தயங்கினான். பிறகு பூசையில் வைத்தான்.

அனுப்ரியா கூடத்தின் நடுவில் வந்து நின்றாள். "மாமா, எனக்கு அது இப்ப வேணும்."

"நான் ஒண்ணும் ஆளுக்கு ஒரு நியாயம் பேசுறவன் இல்ல. அவனுக்குச் சொன்னதுதான் உனக்கும். பொழுதுபோக்குக்குத்தான் அடிக்கிறேன்னு ஒரு வார்த்தை சொல்லு, எடுத்துக்கோ. சாமி கோவிச்சுக்காது."

சொல்வதற்கு அதில் புதிதாக என்ன இருக்கிறது? அதைத்தான் இந்த வீடு அவளிடம் ஓராண்டாகச் சொல்லி வருகிறது. முதுகு வலிக்காத நாற்காலி ஒன்று கேட்டபோது, பொழுதுபோக்குக்கு எதற்கு நாற்காலி என்றார்கள். வகுப்பு நேரத்தில் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைக்கச் சொன்னபோது, சும்மா டைப் அடிப்பதற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்றார்கள். அவள் வேலையைத் தொழில் என்று அவர்கள் ஒப்புக்கொண்ட நாள் ஒன்றே ஒன்று: அதைத் தடுக்க வேண்டியிருந்த இந்த நாள். தடுத்து முடிந்ததும், அதை மறுபடியும் பொழுதுபோக்கு என்று அவள் வாயாலேயே சொல்லச் சொல்கிறார்கள்!

"சொல்லித்தான் தொலையேன் அனு" என்றான் சுரேஷ்குமார், அப்பளத்தை நொறுக்கியபடி. "ஒரு வார்த்தை. அதுல என்ன கிரீடமா இறங்கிடும்?"

அவள் கணவனை நோக்கித் திரும்பினாள்.

"நீங்க காலையிலேருந்து கடையில உக்காந்து பொழுது போக்கிட்டா வந்தீங்க?"

"ஏய், நான் என்ன சொல்றேன்னா..."

"சொல்லுங்க. அப்பா முன்னாடி சொல்லுங்க. கடைக்குப் பொழுதுபோக்கப் போனேன்னு. ஒரு வார்த்தைதானே? நீங்க சொன்னா நானும் சொல்றேன்."

சுரேஷ்குமார் அப்பளத்தை வாயில் போடவுமில்லை, இலையில் வைக்கவுமில்லை. பங்கஜம் கரண்டியோடு சமையலறை வாசலுக்கு வந்தார்.

அனுப்ரியா பூசைக்கு முன்னால் போய்க் கை கூப்பினாள். பலகையை இரு கைகளாலும் எடுத்துக் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

"தாயே, தொழிலுக்குப் போறேன்."

வீடு முழுவதும் கேட்கும்படி சொன்னாள். விளக்கு அசையாமல் எரிந்தது.

"அனுப்ரியா!" கணேசமூர்த்தி எச்சிற்கையோடு எழுந்தார்.

அவள் நிற்கவில்லை. அறைவாசலில் அவளை எட்டிப் பிடித்தவன் ஸ்ரீஹரி. "மதினி, அந்த S சரியா உக்காந்துச்சான்னு பாத்துக்குங்க. அவசரத்துல மாட்டினேன்" என்றான், யாருக்கும் கேட்காத குரலில்.

அவள் கதவைத் தாழிட்டாள்.

பலகையைக் கணினியோடு இணைத்தாள். W வந்தது. A வந்தது. S வரவில்லை. அழுத்தினாள், மீண்டும் அழுத்தினாள். திரையில் ஒன்றும் விழவில்லை. விசையின் மூடியை நெம்பிச் சுவிட்சைப் பிடுங்கினாள். அதன் அடியில் இரண்டு செப்புக்கால்கள். ஒன்று முழங்கால் மடங்கியதுபோல் வளைந்து கிடந்தது. அது ஒடிந்தால் எல்லாம் முடிந்தது. கொண்டையிலிருந்து ஊசியை உருவினாள். வளைவுக்குள் அதைக் கொடுத்து, மூச்சை அடக்கி, மெல்ல நிமிர்த்தினாள். கால் நிமிர்ந்தது. சுவிட்சைக் குழியில் செங்குத்தாக வைத்து, மூடியை மாட்டி, கட்டைவிரலால் அழுத்தினாள்.

S வந்தது.

காதில் ஜுவேரியாவின் குரல் கேட்டது. "அனு, எங்க போயிட்ட? எனக்கு ஹார்ட்டே நின்னுடுச்சு. வாத்தியார் மைக்கை ஆன் பண்ணிட்டார். நீ ரெடியா?"

"ரெடி."

சிங்கப்பூரில் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பாடத்தைத் தொடங்கினார். அனுப்ரியாவின் பத்து விரல்களும் இறங்கின. மேட்டைத் தொட்டு, எழுத்து விழுந்ததை உணர்ந்து, அடுத்ததற்குத் தாவின. கண்ணுக்குத் தெரியாத ஏழெட்டு மாணவர்களின் திரையில், அந்த ஆசிரியர் பேசப் பேச, வரி வரியாகப் பாடம் ஏறத் தொடங்கிற்று. கோபம் எங்கும் போய்விடவில்லை. அதையும் சேர்த்தே அவள் தட்டிக்கொண்டிருந்தாள்.

வெளியே கூடத்தில் யாரும் மீண்டும் இலையில் உட்காரவில்லை. கதவுக்கு அப்பாலிருந்து அந்த மெல்லிய, இடைவிடாத தட்டல் மட்டும் கேட்டது.

"சாமி முன்னால கையை நீட்டி எடுத்துட்டுப் போறா. நீயும் பாத்துக்கிட்டு நிக்கிற" என்றார் கணேசமூர்த்தி மூத்த மகனிடம்.

"நான் என்னப்பா பண்றது?"

"நீ ஒண்ணும் பண்ண வேணாம். நான் பண்ணிக்கிறேன்."

கையைக்கூடச் சரியாகத் துடைக்காமல் கைப்பேசியை எடுத்தார். பாலவாக்கத்தில் இருக்கும் சம்பந்தி வீட்டுக்கு அழைத்தார். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியையும் அழுத்தினார். அனுப்ரியாவின் தாய் ஸ்வர்ணலதாதான் எடுத்தார்.

"வணக்கம் அண்ணாச்சி. பூசையெல்லாம் நல்லபடியா ஆச்சா?"

"ஆச்சு. நீங்க உடனே கிளம்பி வரணும். உங்க பொண்ணைக் கூட்டிட்டுப் போயிடுங்க. இந்த வீட்டுப் பழக்கவழக்கத்துக்கு அவ சரிப்பட்டு வர மாட்டா."

"ஐயையோ, ஏன் இப்படிச் சொல்றீங்க?" என்ற அலறலை எதிர்பார்த்து, கணேசமூர்த்தி பங்கஜத்தைப் பெருமிதத்தோடு பார்த்தார்.

"வர்றேன் அண்ணாச்சி" என்றார் ஸ்வர்ணலதா. அழுகையும் இல்லை, பதற்றமும் இல்லை. "ஆனா இன்னைக்கு அவளுக்கு முக்கியமான வேலை இருக்குன்னு சொன்னா. நடுவுல வந்து நான் தொந்தரவு பண்ணக் கூடாது. அவ வேலை எத்தனை மணிக்கு முடியும்?"

கணேசமூர்த்தி சுரேஷ்குமாரைப் பார்த்தார்.

சுரேஷ்குமார் ஸ்ரீஹரியைப் பார்த்தான்.

"அண்ணாச்சி? லைன்ல இருக்கீங்களா? எத்தனை மணிக்கு முடியும்னு கேட்டேன்."

அந்தக் கூடத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை.